வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் நுழையும் முன்

ஐப்பசி நெருங்குகிறது. தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்களுக்கு 2023 டிசம்பருக்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகை என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. வடிகால் வெட்டுவது, வரப்பை உயர்த்துவது, சாயாத நெல் ரகம் என்று மழைக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைச் சுத்தம் செய்வதைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. அது வீட்டுப் பெண்கள் வேலை, தன்னால நடக்கும் என்று நினைத்துவிட்டோமோ என்னவோ. எனக்கு நேர்ந்ததை வைத்து எழுதுகிறேன். வெள்ளம் என்னை ஒன்றும் செய்யவில்லை. வெள்ளம் போன பிறகு வீட்டைக் கழுவப் போய்த்தான் சாகப் பார்த்தேன்.

அன்றைக்கு மார்கழி முதல் தேதி, டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை 8.30 மணி வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருடத்தில் கிடைக்கிற சராசரி மழையைவிட அதிகமாகக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிவிட்டது. ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில் ஆறும் உடைந்த குளங்களும் சேர்ந்து வந்தன. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நானும் மனைவியும் இரண்டு இரவு மாடியில் கிடந்தோம். மூன்றாம் நாள் தண்ணீர் இறங்கியது. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, ரோடும் இல்லை. வாழை மொத்தமும் சாய்ந்துபோனது, நெல்லை மணல் மூடியது. வயல் கதையை வேறொரு சமயம் எழுதுகிறேன்.

நான் செய்த முதல் தப்பு, அதை ஆற்றுத் தண்ணீர் என்று நினைத்தது. தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவன் நான். ஆனால் வீட்டுக்குள் வந்தது அந்தத் தண்ணீர் இல்லை. ஊரில் இருக்கிற அத்தனை செப்டிக் டேங்கும் அதில் கலந்திருந்தது. செத்த ஆடும் கோழியும் மிதந்தன. வயல் எலி வளை எல்லாம் நிரம்பி, எலிகள் மேட்டைத் தேடி வீட்டுக்கு வந்தன. ஒன்பது வருடமாக என் தோட்டத்துக்குள் ஒரு சொட்டு ரசாயனம் நுழையவில்லை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளில் ஐந்து பூச்சிமருந்து டப்பாக்கள், அதில் இரண்டில் பாதி மருந்தோடு, என் வீட்டுத் திண்ணையில் வந்து ஒதுங்கின. வெள்ளத்துக்கு இயற்கைத் தோட்டம், ரசாயனத் தோட்டம் என்ற பாகுபாடு கிடையாது.

அப்படி டப்பா வந்து ஒதுங்கினால் வெறும் கையால் தொடாதீர்கள். கழுவாதீர்கள், கொளுத்தாதீர்கள். கையுறை போட்டு எடுத்து ஒரு சாக்கில் கட்டி, குழந்தைகளும் மாடும் போகாத இடத்தில் வைத்துவிட்டு வேளாண் அலுவலரிடம் சொல்லுங்கள். இன்னொன்று இதைவிட மோசம். நெல் மூட்டைக்கும் எலி வளைக்கும் வைப்பார்களே, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, அதில் ஈரம் பட்டால் விஷ வாயு கிளம்பும். பூண்டு வாடை மாதிரியோ அழுகின மீன் வாடை மாதிரியோ அடிக்கும். வாடை தெரியாவிட்டாலும் ஆபத்து உண்டு. பக்கத்து வீட்டிலோ குடோனிலோ அது இருந்தது என்று தெரிந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவப் போகாதீர்கள். எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்லுங்கள்.

வாசலில் நின்று பார்க்க வேண்டியவை

தண்ணீர் இறங்கியதும் உள்ளே ஓடத்தான் மனசு பரபரக்கும். முதலில் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் வாருங்கள். சுவரில் புது விரிசல் இருக்கிறதா, சுவர் எங்காவது உப்பியிருக்கிறதா, அஸ்திவாரத்துக்கு அடியில் மண் அரித்துப் பொந்தாகியிருக்கிறதா, கூரை சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவு திறக்க மறுத்தால் தோளால் இடித்துத் திறக்கக் கூடாது. மேலிருந்து பாரம் இறங்கியும் கதவு இறுகியிருக்கலாம். மண் சுவரும், மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய செங்கல் சுவரும் தண்ணீர் நிற்கும்போது நின்றுவிடும், வெயிலடித்துக் காயும்போது விழும். எங்கள் தெருவில் ஒரு மாட்டுத்தொழுவத்துச் சுவர் அப்படித்தான் நான்காம் நாள் நல்ல வெயிலில் விழுந்தது. அரை மணி நேரம் முன்பு வரை அந்த நிழலில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்தது கரண்ட். ஊரில் கரண்ட் இல்லையே என்று மெத்தனமாக இருக்கக் கூடாது. நீங்கள் பீரோவை நகர்த்திக்கொண்டிருக்கும்போதே திடீரென்று லைன் கொடுத்துவிடுவார்கள். மெயினை அணைத்து வையுங்கள். மெயின் இருக்கும் இடம்வரை தண்ணீர் நின்றால் அதைத் தொடாதீர்கள், மின்வாரிய ஆள் வந்து போஸ்ட்டிலேயே பியூஸைப் பிடுங்கட்டும். மின்வாரியத்துக்குப் புகார் சொல்கிற எண் 94987 94987. நம்மில் பலர் மறப்பது இன்வெர்ட்டர். மெயின் அணைந்திருந்தாலும் பேட்டரியிலிருந்து வீட்டு லைனுக்குக் கரண்ட் வரும். சோலார் பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன். வெயில் பட்டால் தகடு கரண்டைத் தந்துகொண்டேதான் இருக்கும், வெள்ளம் வந்தது அதற்குத் தெரியாது. தண்ணீர் புகுந்த ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார், மோட்டார் சைக்கிள் எதையும் ‘ஓடுதான்னு பாப்போம்’ என்று போட்டுப் பார்க்காதீர்கள். மெக்கானிக் திறந்து காயவைத்தால் பிழைத்துக்கொள்ளும் சாமான், நாம் ஸ்விட்சைத் தட்டினால் புகைந்துவிடும்.

சிலிண்டர் உருண்டு கிடந்தால் தீப்பெட்டி, லைட்டர் பக்கமே போகக் கூடாது. சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கேஸ் கசிவுக்கு 1906. வாடகை ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயோ வராந்தாவிலேயோ வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தூங்குகிறவர் அப்படியே போய்விடுவார்.

பாம்பு. எங்கள் வீட்டில் மூன்று தண்ணீர்ப் பாம்பும், பீரோவுக்கு அடியில் ஒரு கண்ணாடி விரியனும் இருந்தன. கையை விடும் முன் நீளக் கம்பால் தட்டுங்கள். மூலையில் குவிந்த துணி, அம்மிக்குப் பின்னால், செருப்புக்குள், பரணில் ஏற்றிய சாக்கு, எல்லாமே அதற்கு வீடுதான். பிடிக்கப் போகாமல், அடிக்கவும் செய்யாமல், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் இறுக்கக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை தேடி ஓடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் 108-ல் ஏற்றி, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் இருக்கலாம். தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிறு வலிக்குது, கண் இமை தூக்க முடியல என்று சொன்னால் அதையும் பாம்புக்கடியாக நினைத்துக் கிளம்புங்கள்.

துடைக்கும் முன் ஒரு போட்டோ

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. சுத்தம் செய்யத் தொடங்கும் முன், சுவரில் தண்ணீர் நின்ற கறை தெரியும்படி ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுங்கள். நனைந்த நெல் மூட்டை, விழுந்த சுவர், செத்த மாடு எல்லாவற்றையும் எடுங்கள். இன்ஷூரன்ஸ் உள்ள மாடு என்றால் காதுத் தோடு தெரிய எடுத்து, கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று எழுதாமல் புதைக்காதீர்கள். தோடு இல்லாமல் இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய பாவம் எனக்கும் உண்டு.

அந்த வெள்ளத்துக்கு அரசு அறிவித்த நிவாரணத்தில் மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, குடிசைக்கு 10,000, 33 சதவீதத்துக்கு மேல் பாதித்த நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, எங்கள் தாலுகா குடும்பங்களுக்கு ரேஷன் கடை வழியாக 6,000 என்று இருந்தது. பட்டியல் எடுப்பது கிராம நிர்வாக அலுவலர். அவர் வருவதற்குள் நாம் வீட்டைப் பளபளவென்று கழுவிவிட்டால் அவர் எதைப் பார்த்து எழுதுவார்?

பத்திரம் நனைந்திருந்தால் ஒட்டிய தாளைப் பிரிக்காதீர்கள். நிழலில் காற்றாட வைத்து, தானாக விடும்போது நடுவில் வெள்ளைத் தாள் கொடுங்கள். போனாலும் பயமில்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். பட்டா, சிட்டா இணையத்திலேயே எடுக்கலாம். சேறு பட்ட ரூபாய் நோட்டைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் உலர்த்தி எந்த வங்கிக் கிளைக்கும் கொண்டுபோகலாம். அந்த வங்கியில் உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டியதில்லை.

சேறும் விதையும்

சேற்றை ஈரமாக இருக்கும்போதே வாரிவிட வேண்டும். இரண்டு நாள் வெயில் பட்டால் காரை மாதிரி இறுகிவிடும். உள்ளறையிலிருந்து வாசலை நோக்கி, மண்வெட்டியும் தண்ணீர் தள்ளும் கட்டையும் வைத்து வேலை செய்யுங்கள். பஞ்சு மெத்தை, தலையணை, பாய் எல்லாம் போனது போனதுதான். காயவைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், ஆஸ்துமாக்காரருக்கு அதுவே போதும்.

நனைந்த தானியம் விஷயத்தில் நமக்கு மனசு வராது. வியர்த்துச் சூடேறிப் பூஞ்சை பிடித்த நெல்லையும் கடலையையும் மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள், அதில் அஃப்லாடாக்சின் நஞ்சு இருக்கும். அழிக்க மனமில்லாவிட்டாலும் கம்போஸ்டுக்குத்தான். என்னிடம் ஆத்தூர் கிச்சிலி சம்பா விதை கீழே இருந்த குதிரில் இருந்தது. இரண்டு நாள் நீரில் கிடந்ததில் முளைவிட்டுவிட்டது. குதிரைத் திறந்த என் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுச் சாமான் போனதுக்குக்கூட அவள் அழவில்லை.

பிளீச்சிங் பவுடரும் சாணமும்

நம் இதழில் இதை எழுதினால் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். நான் முதல் நாள் என்ன செய்தேன் தெரியுமா? சேற்றை வாரி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தெளித்து, வெள்ளத்தில் தப்பிய மாட்டின் சாணியைக் கரைத்து வீடெல்லாம் மெழுகினேன். மறுநாள் வந்த சுகாதார ஆய்வாளர் பார்த்துவிட்டு, “சார், சாக்கடைத் தண்ணி நின்ன தரை இது. முதல்ல கிருமியக் கொல்லணும். சாணி மேல நான் பிளீச்சிங் போட்டா, அது சாணியோட சண்ட போட்டே தீந்துபோகும், கிருமிகிட்ட போகாது” என்றார். அவர் சொன்னது சரி. குளோரினின் சக்தியைச் சாணம், சேறு, எந்த மக்கும் பொருளானாலும் தின்றுவிடும். அதனால் வரிசை முக்கியம்: சேற்றை வாருதல், சோப்புத் தண்ணீரில் கழுவுதல், அதன் பிறகு பிளீச்சிங். 10 லிட்டர் வாளிக்குச் சுமார் 50 கிராம் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரைத் தரையிலும் சுவரின் கறை மட்டம் வரையிலும் தடவி, அரை மணி நேரம் விட வேண்டும். சன்னல் கதவு திறந்திருக்க வேண்டும். சாணி மெழுகுகிறவர்கள் சில நாள் பொறுத்து மெழுகிக்கொள்ளுங்கள், அதுவும் வெள்ளத் தண்ணீரில் நிற்காத மாட்டுச் சாணியாக இருக்கட்டும்.

இதில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவுகிற ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒரே நாளில் கக்கூஸுக்கு ஆசிடும் தரைக்குப் பிளீச்சிங்கும் போடுகிற வீடுகள்தான் அதிகம். நம் ஆட்களுக்குக் கூடுதலாக ஒன்று. கோமியத்தோடும், கோமியம் சேர்ந்த பஞ்சகவ்யா, ஜீவாமிர்தத்தோடும் பிளீச்சிங் பவுடர் சேரக் கூடாது. அவற்றில் இருக்கும் அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற வாயு உண்டாகும், நெஞ்சை அடைக்கும். புளித்த மோர், எலுமிச்சை, மீன் அமிலம் எல்லாம் புளிப்பு வகை, அவற்றையும் தள்ளி வையுங்கள். இடுபொருள் டிரம்மைக் கழுவின வாளியிலேயே பிளீச்சிங் கரைக்காதீர்கள்.

அடுத்து கிணறு. வெள்ளம் மூழ்கடித்த கிணற்றை உடனே மோட்டார் போட்டு ஒட்ட இறைக்கக் கூடாது. சுற்றுமண் ஊறிப்போயிருக்கும், உள்ளே தண்ணீர் போனால் உறை சரியும். கொஞ்சம் கொஞ்சமாக, கலங்கல் தெளிகிற அளவுக்கு இறையுங்கள். தூர் எடுக்கிறேன் என்று யாரும் உள்ளே இறங்கக் கூடாது. மக்கிய குப்பை கிடக்கும் கிணற்றில் மூச்சுக் காற்று இருக்காது. முதலில் இறங்கினவரைக் காப்பாற்ற இறங்கியே இரண்டாமவரும் மூன்றாமவரும் போன செய்திகள் நாம் படிக்காததா?

மருந்தளவுக்கு ஒரு கணக்கு. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்குங்கள், எல்லாம் மீட்டரில். எங்கள் கிணறு 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர். 3 x 3 x 4 x 0.785 = 28.26 கன மீட்டர், அதாவது 28,260 லிட்டர். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது சாதாரண அளவு. எனக்குச் சுமார் 70 கிராம் வந்தது. வெள்ளம் புகுந்த கிணறு என்பதால் ஆய்வாளர் இரண்டு மடங்கு போட்டார். பவுடரை முதலில் வாளியில் கூழாகக் கரைத்து, நீர் சேர்த்து, சுண்ணாம்பு தங்கவிட்டு, தெளிந்ததை வேறு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி ஏற்றிக் கலக்கினோம். குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும், நாங்கள் ஓர் இரவு விட்டோம். பிறகு தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்கிறதா என்று சோதித்தார். நிற்காவிட்டால் மறுபடி போட வேண்டும். கட்டை அவிழ்த்து வருஷக்கணக்கில் கிடந்த பவுடரில் சக்தியே இருக்காது, வெறும் சுண்ணாம்புதான்.

குளோரின் கிருமியைக் கொல்லும், பூச்சிமருந்தை எடுக்காது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. மருந்து டப்பா கிடந்த இடத்துக்குப் பக்கத்துக் கிணறு என்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கிற வரை குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீரே கதி.

என் காலில் பட்ட கீறல்

மண்ணில் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்பது என் வைராக்கியம். வங்கியில் ஷூ போட்டுப் போட்டு அலுத்தவன், விவசாயத்துக்கு வந்ததும் செருப்பை விட்டேன். வீட்டைக் கழுவியதும் அப்படியே. மூன்றாம் நாள், சேற்றுக்குள் கிடந்த தகரம் உள்ளங்காலைக் கீறியது. மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடி சேற்றில் இறங்கினேன். அன்று சாயங்காலம் கிராம சுகாதார செவிலியர் தெருவாகத் தெருவாக வந்தார். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார், போட்டுக்கொண்டேன். “ஐயா, இந்த மாத்திரையையும் சாப்பிட்டுட்டுப் போட்டுக்கிடுங்க, எலிக்காய்ச்சலுக்கு” என்று இரண்டு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார். “நோயே வராம மருந்து எதுக்கும்மா?” என்று சிரித்து, வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன். அந்தச் சட்டை துவைக்கப் போனது.

டிசம்பர் 30, நம்மாழ்வார் ஐயாவின் பத்தாம் ஆண்டு நினைவு நாள். போக வேண்டும் என்று ஒரு மாதம் முன்பே திட்டம். 28-ஆம் தேதி காய்ச்சல் தொடங்கியது. கெண்டைக்கால் வலி தாங்க முடியவில்லை. பத்து நாள் சேறு அள்ளினால் வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். நிலவேம்புக் கசாயம் குடித்தேன். மூன்றாம் நாள் காலையில் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏங்க, உங்க கண்ணப் பாத்தீங்களா? செக்கச்செவேல்னு இருக்கு. மூத்திரம் வேற கொறஞ்சுபோச்சுங்கீங்க. கசாயத்த வச்சிட்டுக் கெளம்புங்க” என்றாள். நினைவு நாளன்று நான் அரசு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தேன். எலிக்காய்ச்சல், சிறுநீரகம் வரை போய்விட்டது. ஒன்பது நாள் ஊசி. இன்னொரு நாள் தாமதித்திருந்தால் டயாலிசிஸ் வரை போயிருக்கும் என்றார் மருத்துவர். நிலவேம்பை நான் குறை சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தது நான்.

இந்தக் கிருமி எலியின் சிறுநீரில் வெளியேறித் தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும். காலில் உள்ள வெடிப்பு, கீறல், கண், வாய் வழியாக நுழையும். நுழைந்து இரண்டு நாளிலும் காய்ச்சல் வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம். அதனால் வெள்ளம் வடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், “நான் வெள்ளத் தண்ணீரில் வேலை செய்தேன்” என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். தடுப்புக்குத் தண்ணீரில் இறங்கி வேலை செய்கிற காலம் வரை வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின், 2018 வெள்ளத்தில் கேரளத்தில் ஊர் ஊராகக் கொடுத்தது இதைத்தான். வெறும் வயிற்றில் கூடாது, நிறையத் தண்ணீர் குடித்துப் போட வேண்டும், போட்டதும் படுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது ஆகாது. யாருக்கு என்ன என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், கடையில் நாமாக வாங்கிப் போடக் கூடாது. மாத்திரையைவிட முக்கியம் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை. காயம் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள்.

மருத்துவமனையில் கிடந்தபோது தெரிந்துகொண்ட இன்னொன்றை நம் ஆட்களுக்கென்றே சொல்ல வேண்டும். எலி மட்டுமல்ல, மாடும் இந்தக் கிருமியைச் சிறுநீரில் வெளியேற்றும். வெள்ளத்தில் நின்ற மாட்டின் கோமியத்தைக் கையால் அள்ளுவது, கீறல் உள்ள கையோடு பஞ்சகவ்யா கலக்குவது, உடம்புக்கு நல்லது என்று கோமியம் குடிப்பது எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள். கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை. கேட்டு வருகிறவர்களுக்குக் கையெழுத்துப் போட்ட இடத்திலேயே இருந்து பழகியவன். அந்த வெட்கத்தில்தான் முதல் மூன்று நாளும் அறுபத்துச் சொச்சம் வயதில் தனியாக மண்வெட்டி பிடித்தேன். எதிர் வீட்டுத் தம்பி வந்து, “அண்ணாச்சி, ஒத்தையில எதுக்குக் கெடந்து மல்லுக்கட்டுதிய? ஆறு வீடு சேந்து ஒரு வீடு ஒரு வீடா முடிப்போம்” என்றான். அப்படித்தான் செய்தோம். முதலில் தனியாக இருக்கிற ஒரு ஆச்சி வீடு, அடுத்து கைப்பிள்ளை உள்ள வீடு. சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் பள்ளிக்கூட முகாமிலேயே இருக்கச் சொல்லிவிட்டோம். ஒருவர் உள்ளே வேலை செய்தால் ஒருவர் வாசலில் நிற்பது என்று வைத்துக்கொண்டோம், பாம்போ சுவரோ கரண்டோ, சத்தம் போட ஆள் வேண்டுமே.

சிக்னல் வந்ததும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, மருத்துவ ஆலோசனைக்கு 104. கூப்பிடும்போது ‘ஊரே மூழ்கிட்டுங்க’ என்று சொன்னால் யாராலும் எதுவும் அனுப்ப முடியாது. தெருப் பெயர், எத்தனை வீடு, எத்தனை முதியவர், டயாலிசிஸ், இன்சுலின் தேவைப்படுகிறவர் எத்தனை பேர், எந்தப் பக்கம் ரோடு திறந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவைத்துச் சொல்லுங்கள்.

வெளியூரிலிருந்து உதவ வருகிறவர்களுக்கும் இதே மாதிரி ஒரு பட்டியல் வேண்டும். எங்களுக்கு வந்ததில் பாதி பழைய துணி, அதைக் குப்பையில் போடவே தனியாக ஒரு நாள் ஆனது. தேவைப்பட்டது கையுறை, பூட்ஸ், மண்வெட்டி, வாளி, டார்ச், கொசுவலை, பெண்களுக்கு நாப்கின், உள்ளாடை. மதுரைப் பக்கத்திலிருந்து நம் இயற்கை விவசாயிகள் பதினைந்து பேர் வந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய அரிசி, பாய், குடிதண்ணீர் எல்லாம் அவர்களே கொண்டுவந்தார்கள், எங்களை ஒரு டம்ளர் காபி கேட்கவில்லை. இரண்டு நாளில் எங்கள் தெரு முடிந்தது. வேறு ஊர்களிலிருந்து வந்த தூய்மைப் பணியாளர்கள் வெறும் கையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கையுறையை எடுத்துக் கொடுத்தபோது, எனக்குக் கொடுத்த மாத்திரைதான் ஞாபகம் வந்தது. அவர்களுக்கு யார் கொடுத்திருப்பார்கள்?

எங்கள் ஊர் வாழை விவசாயி ஒருவர் கடன் வாங்கி நட்டவர். வீட்டைச் சுத்தம் செய்யவே வராமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவரோடு இருவர் மாறி மாறி உட்கார்ந்தார்கள், இரவில் தனியாக விடவில்லை. மனசு நிலைகுலைந்தால் பேசுவதற்கு 14416 என்ற அரசு எண் இருக்கிறது. கடன் பற்றி நான் பேசினேன். இயற்கைச் சீற்றத்தில் பயிர் 33 சதவீதத்துக்கு மேல் போனதாக அரசு அறிவித்தால், பயிர்க்கடனை மாற்றியமைக்க அப்போது ரிசர்வ் வங்கியின் விதி இருந்தது. 33 முதல் 50 சதவீதம் வரை இழப்பு என்றால் கட்டுவதற்கு 2 ஆண்டு வரை, அதற்கு மேல் என்றால் 5 ஆண்டு வரை அவகாசம் தரலாம் என்று அந்த விதி சொன்னது. தவணை தப்பும் முன்பே எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ள வேண்டும். அவருக்காக அந்த விண்ணப்பத்தை நான் எழுதினேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று எழுதியது அதுதான் முதல் தடவை.

மதுரையிலிருந்து வந்தவர்களில் ஒருவர், நான் இரண்டு வருடம் முன்பு ஒரு விதைத் திருவிழாவில் கொடுத்த கிச்சிலி சம்பாவைப் பயிர் செய்துவந்தாராம். மாசியில் பத்து கிலோ அனுப்பினார். இப்போது விதையை இரண்டாகப் பிரித்து, பாதியை வேறு ஊர்க்காரர் வீட்டில் வைத்திருக்கிறேன்.

மாடியில் ஒரு நீல டிரம் இருக்கிறது. அதில் இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ், கையுறை, முகக்கவசம், டார்ச், விசில், கயிறு, சோப்பு, பத்திர நகல் போட்ட பிளாஸ்டிக் பை, போன் எண்கள் எழுதிய அட்டை, இறுக மூடிய டப்பாவில் பிளீச்சிங் பவுடர். பவுடரை மட்டும் ஒவ்வொரு புரட்டாசியிலும் புதிதாக வாங்கி, டப்பா மேல் தேதி எழுதுகிறேன். பழையது கக்கூஸுக்குப் போகிறது, ஆசிட் பாட்டிலை வீட்டை விட்டே அனுப்பிவிட்டோம்.